வெள்ளிக்கிழமைப் பல் டாக்டர்

அத்தியாயம் பதினொன்று

பொன்னியம்மாவின் வீட்டில் மூன்று மாதமாக ஒரு பல்தான் ஆட்சி செய்கிறது என்பது இந்தக் கதையை விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களும் தவித்துப் போக வேண்டாம், விஷயம் சின்னதுதான்.

சென்னீர்க்குப்பத்தில் கத்தரித் தோட்டமும் கீரைப் பாத்தியுமாகப் பிழைக்கிற கங்காதரனின் மனைவி பொன்னியம்மா. ஒரே மகள் ரஞ்சிதம். ஏழு வயது, வாய் மட்டும் எழுபது. கங்காதரனின் அக்கா நாகம்மாள். புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்து, தம்பி வீட்டுப் பெட்டிச் சாவியையும் பஞ்சாங்கத்தையும் ஒருசேரத் தன் இடுப்பில் செருகிக்கொண்டவள். ரஞ்சிதத்துக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பட்டணத்திலிருந்து ஒரு பல் டாக்டர் பூந்தமல்லி மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆனால் மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறார். அந்த நாள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை.

அங்கேதான் வந்தது வினை. வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டக் கூடாது, முடி இறக்கக் கூடாது, அண்டை வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்கக் கூடாது என்றிருக்கிற வீட்டில், ஒரு பல்லைப் பிடுங்கி வெளியே எறிய விடுவார்களா? வைகாசியில் ஒரு வெள்ளி போயிற்று. ஆனியில் ஒரு வெள்ளி போயிற்று. கிராம்பும் பெருங்காயமும் மாறி மாறிப் பல்லில் உட்கார்ந்து எழுந்து போயின.

இன்று ஆடி வெள்ளி. வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் ராணி.

விடிந்ததும் பொன்னியம்மா ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னம் பொம்மென்று வீங்கியிருந்தது. குழந்தை அழவில்லை. அழுதால் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டு, கண்ணில் நீரை நிறுத்தி உட்கார்ந்திருந்தது. ஓயாமல் பேசுகிற வாய் மூடியிருந்ததுதான் தாய்க்குத் தாங்கவில்லை.

வாசலில் நாகம்மாள் மஞ்சள் புடவையும் ஈரத் தலையுமாக, கூழ்ப் பானையின் கழுத்தில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள். எல்லையம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றுவது அவள் பொறுப்பு. ஊரே அவள் அகப்பைக்குக் காத்திருக்கும்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் கொயச்சி கன்னத்துல பத்துப் போடுடி. பால் பல்லு. தானா உயுந்துடும்" என்றாள், திரும்பிப் பார்த்துவிட்டு.

"மூணு மாசமா இதையேதான் சொல்லிகினு கீறீங்க, அண்ணி. பல்லு உயல. புள்ளதான் உயுந்து கெடக்குது."

"இன்னிக்கு இன்னா கெயமன்னு நெனப்பு கீதா?"

"கீது. டாக்டரு வர்ற கெயம."

நாகம்மாள் எழுந்து நின்றாள். "ஆடி வெள்ளில ஆயுதம் பட்டு, இந்த ஊட்டுப் புள்ள வாயிலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் உயுந்தா, நான் எந்தக் கையால அம்மனுக்குக் கூயு ஊத்துவேன்? புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தம்பிக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

அவள் குரலில் அதிகாரம் மட்டும் இருந்திருந்தால் பொன்னியம்மா இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அதில் பயம் இருந்தது. பிள்ளை பெறாத நாகம்மாளுக்கு ரஞ்சிதம்தான் பிள்ளை. நேற்றுகூட மடியில் போட்டுக்கொண்டு கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். கங்காதரனோ கீரைக்கட்டும் கத்தரி மூட்டையுமாக வண்டி கட்டிக்கொண்டு பட்டணத்துக் கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போயிருந்தான். இருந்திருந்தாலும் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பானே தவிர, வேறு உபயோகம் இல்லை.

பொன்னியம்மா தணிந்த குரலில் சொன்னாள்: "நான் புடுங்க இட்டுகினு போவல, அண்ணி. காட்டிகினு வரேன். வாயத் தொறந்து காட்றதுக்கு இன்னா கெயம?"

நாகம்மாள் மனதுக்குள் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். நகம், முடி, உப்பு, ஊசி, எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. வாயைத் திறந்து காட்டுவதற்குப் பஞ்சாங்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

"இந்தப் பானையைத் தொட்டு சத்தியம் பண்ணு. பல்லைப் புடுங்க மாட்டேன்னு."

பொன்னியம்மா வேப்பிலை கட்டிய பானையைத் தொட்டாள். கையில் கூழின் சூடு ஏறியது.

---

பூந்தமல்லிக்கு நடந்தே போனாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அந்தக் கன்னத்துக்கு வெயில் படாமல் மூடியிருந்தாள். பெங்களூர் ரோட்டில் ராணுவ லாரிகள் வரிசையாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஜெர்மன்காரன் தோற்றுவிட்டான், ஜப்பான்காரன்தான் பாக்கி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் இறங்கித் தள்ளச் சொல்லின. அதை நம்பி நிற்பதைவிடத் தன் கால் மேல் என்று முடிவு செய்துவிட்டாள் பொன்னியம்மா.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் ஒரு பூனை படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

உள்ளே டாக்டர் ராஜசேகரன் தன் இடுக்கிகளைத் துணியில் சுருட்டித் தோல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், கோபம் அறுபது வயதுக்காரருடையது. பக்கத்தில் நர்ஸ் ஞானகுமாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"போதும், சிஸ்டர். மாசா மாசம் வந்து பூனையைப் பாத்துட்டுப் போறேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பிள்ளைங்க பல்லைப் பத்தி அக்கறை இல்லை. அடுத்த மாசத்திலேர்ந்து என்னை எதிர்பார்க்காதீங்க. ஆஸ்பத்திரியை நடத்தற துரைசாணியம்மாகிட்டே நானே சொல்லிக்கறேன்."

"எனக்கு அக்கறை கீது, டாக்டரய்யா" என்றாள் பொன்னியம்மா வாசற்படியிலிருந்து. "பையை அப்பறமா கட்டலாம். மொதல்ல இந்தப் புள்ள வாயைப் பாருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். குழந்தையின் கன்னத்தைப் பார்த்ததும் கோபத்தை வைத்த இடம் மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாம்மா, கண்ணு" என்றார்.

ரஞ்சிதம் வாயைத் திறக்க மறுத்தாள். அம்மா கெஞ்சினாள், நர்ஸ் கொஞ்சினாள்; பலனில்லை. டாக்டர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சின்னக் கண்ணாடியை எடுத்து அவளிடமே கொடுத்து, "உன் பல்லு உனக்குத் தெரியுதான்னு பாரு. எனக்கு அப்புறம் சொல்லு" என்றார். தன் வாயைத் தானே பார்க்கிற ஆசையில் வாய் திறந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"மூணு மாசமா. பால் பல்லு, தானா உயுந்துடும்னாங்க..."

"பால் பல் இல்லம்மா இது. ஆறு வயசுல, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி, புதுசா முளைக்கிற பெரிய பல். இதுக்கு மாத்துப் பல் கிடையாது. ஆயுசு பூரா இருக்க வேண்டியது. பால் பல்லுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் விட்டுடறாங்க." அவர் கண்ணாடியைக் குழந்தையிடமிருந்து வாங்கிக்கொண்டார். "வைகாசியில காட்டியிருந்தா சின்னக் குழி. அடைச்சு அனுப்பியிருப்பேன். இப்போ எடுத்துத்தான் ஆகணும்."

வைகாசியில் இதே டாக்டர், இதே நாற்காலி. நடக்கிற தூரம். தன் மகளின் ஆயுசுக்கும் இருக்க வேண்டிய ஒரு பல்லைத் தான் ஒரு கிழமைக்குப் பறிகொடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது பொன்னியம்மாவுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுப் பேசலாம் என்றால் டாக்டர் பையைக் கட்டிவிடுவார். அதனால் அழுகையை வீட்டுக்கு எடுத்துப் போக முடிவு செய்தாள்.

"எந்தப் பல்லு, அய்யா? மேலயா, கீயயா?" கிராம்பு வைத்த கைக்கு அது தெரியாமலா இருக்கும்? இருந்தும் கேட்டாள்.

"மேல் பல். ஏன்?"

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். சென்னீர்க்குப்பத்தில் மட்டுமல்ல, திருமழிசை வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பொன்னியம்மாவும் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதே?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே பொன்னியம்மா அவரை நம்பினாள். "பல்லை எடுத்தா கண் போகாது. இந்தச் சீழை உள்ளேயே விட்டுவெச்சாத்தான் கண்ணு வரைக்கும் ஏறும். இப்போ வீக்கம் இருக்கறப்போ நான் எடுக்க மாட்டேன். மருந்து போட்டாலும் மரக்காது, குழந்தை துடிச்சுப் போகும். இன்னிக்குச் சீழை மட்டும் வெளியே விடறேன். வீக்கம் வடிஞ்சதும் எடுக்கணும். ஒரு வாரத்துக்குள்ள."

அப்பாடா என்றிருந்தது. தான் செய்த சத்தியத்தை டாக்டரே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.

அவர் மெல்லிய ஊசி ஒன்றால் பல்லின் குழியைத் திறந்தார். ரஞ்சிதம் ஒரே ஒரு முறை அலறினாள். நாற்றத்தோடு சீழ் வந்தது. பஞ்சு மேல் பஞ்சாக எடுத்தாள் ஞானகுமாரி. கடைசிப் பஞ்சில் லேசாகச் சிவப்பு தெரிந்ததோ என்னவோ, பொன்னியம்மா சரியாக அந்த நேரம் பார்த்து தாழ்வாரப் பக்கம் திரும்பிப் பூனையை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கால் நாழிகை கழித்து, விடிந்ததிலிருந்து பேசாத வாய் பேசியது. "அம்மா, பசிக்குது."

"அப்போ அடுத்த வாரம் பட்டணத்துக்கு இட்டுக்கிட்டு வாங்க" என்றார் டாக்டர் கை கழுவிக்கொண்டே.

பொன்னியம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பட்டணம் என்றால் காய்கறி வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே போய், ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்து, வந்த வேலை முடியாவிட்டால் அங்கேயே தங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். நாகம்மாள் அதற்கு ஒப்ப மாட்டாள். சரி, ஒப்பினாலும் இந்த ஒரு குழந்தை போகும். அப்புறம் தெருவில் இருக்கிற தாயம்மா பிள்ளை? முத்தம்மாள் பேத்திகள்?

"நீங்க இங்க வாங்க, டாக்டரய்யா."

"இங்கே யாரும் வர்றதில்லையேம்மா! பெஞ்சைப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். வெள்ளிக்கெயம வந்தா பூனைதான் வரும். எங்க பக்கம் வெள்ளிக்கெயம நகமே வெட்ட மாட்டோம். பல்லு புடுங்க வருவமா? இந்தக் கெயமைய யாரு வெச்சது?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். ஞானகுமாரியின் முகம் சிவந்தது. "நாங்கதான். மத்த நாளெல்லாம் நிக்க இடமிருக்காது, டாக்டர். வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டமே இல்லாம இந்த ரூம் சும்மா கிடக்கும். அதனால பல்லுக்கு ஒதுக்கினோம்."

"ஏன் சும்மா கிடக்குதுன்னு கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கேக்கலை."

டாக்டர் ராஜசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சுத்தப் பட்டணத்துக்காரன், எனக்கும் உறைக்கலை. சரி, நீங்களாவது இத்தனை நாள் சொல்லக் கூடாதா?"

"வந்தாத்தானே சொல்றதுக்கு?" என்றாள் பொன்னியம்மா.

டாக்டர் தன் வாரக் கணக்கைப் பார்த்தார். ஆவடி முகாமில் சிப்பாய்களுக்குப் பல் பார்க்க வியாழன்தோறும் போகிறார். திரும்புகிற லாரி பூந்தமல்லி வழியாகத்தான் வருகிறது. "வர்ற வியாழக்கிழமை பகல் இங்கே இறங்கறேன். உங்க பொண்ணுக்குப் பல் எடுக்கறேன். ஆனா ஒண்ணு. அன்னிக்கு இந்த பெஞ்சு நெறைய குழந்தைங்க இருக்கணும். இருந்தா மாசா மாசம் வியாழன் வருவேன். இல்லேன்னா இதோட சரி. புடுங்கறதுக்கு மட்டும் வராதீங்கம்மா. சும்மா வாயைத் திறந்து காட்டிட்டுப் போக வாங்க. காட்டினா, புடுங்க வேண்டியே இருக்காது."

"பெஞ்சு பத்தாது, டாக்டரய்யா. பாய் ஒண்ணு எடுத்து வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள்.

சொல்லியாயிற்று. பாதி வழியில்தான், யாரை நம்பிச் சொன்னோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மேல் பல் விவகாரம் வேறு இருக்கிறது. அதை வியாழக்கிழமை வரைக்கும் வாயைத் திறந்து சொல்வதில்லை என்று முடிவு செய்தபோது, இன்றைக்கு இது எத்தனையாவது சாமர்த்தியம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

---

எல்லையம்மன் கோயில் வாசலில் கூழ்ப் பானைகள் வந்து இறங்கிவிட்டன. குழந்தைகள் சொம்பும் குவளையுமாக இடித்துக்கொண்டு நின்றன. நாகம்மாள் ரஞ்சிதத்தைத் தூரத்தில் பார்த்ததும் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் பாதி இறங்கியிருந்தது.

"ரத்தம்?"

"என் கண்ணால பாக்கல, அண்ணி."

"புடுங்கினானா?"

"இல்ல. வீக்கம் வடியணுமாம். வியாயக்கெயம அவரே வரேன்னாரு. ஆனா புள்ளைங்க நெறைய வரணும், அப்பதான் மாசா மாசம் வருவாராம். இல்லாட்டி இனிமே வரவே மாட்டாராம்." கொஞ்சம் தயங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "அண்ணி, அது பால் பல்லு இல்லியாம். மறுபடி மொளைக்காதாம்."

அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, பசிக்குது, கூயு" என்றாள் ரஞ்சிதம். நாகம்மாளின் கண்கள் நிறைந்தன. மூன்று மாதமாகத் தானாக விழுந்துவிடும், தானாக விழுந்துவிடும் என்று சொன்னது அவள் வாய்தான். மஞ்சள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பானையண்டை திரும்பிப் போனாள்.

கோபமா, வருத்தமா என்று தெரியாமல் பொன்னியம்மா பின்னாலேயே போனாள்.

வரிசையில் முதலில் தாயம்மாவின் மகன் துலுக்கானம் குவளையை நீட்டினான். நாகம்மாள் அகப்பையில் கூழை மொண்டாள், ஊற்றவில்லை.

"வாயத் தொறடா."

"கூயு குவளையில ஊத்து, அத்த."

"கூயு அப்பறம். மொதல்ல பல்லக் காட்டு."

பையன் விழித்தான். ஊரே விழித்தது. ஆடி வெள்ளியில், அம்மன் வாசலில், கூழ் அகப்பையைப் பிடித்திருக்கிறவளை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? வாய் திறந்தது. நாகம்மாள் அவன் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிக் குனிந்து பார்த்தாள்.

"ஏய் தாயம்மா! உம் புள்ளைக்குப் பின்னாடிப் பல்லுல கருப்பா குயி கீதுடி. வியாயக்கெயம பூந்தமல்லிக்கு இட்டுகினு போ. பால் பல்லுன்னு சொன்னே, தெரியும் சேதி. அடுத்தது யாரு?"

"வியாயக்கெயமயா?" தாயம்மா விரலில் எண்ணிப் பார்த்தாள். "வெள்ளி இல்லியே? அப்போ சரி, நாகம்மா."

அவ்வளவுதான் விஷயம். பொன்னியம்மாவுக்கு ஆடியில் ஆடுகிற வேப்பமரத்தையே கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. முத்தம்மாளின் பேத்திகள் வந்தார்கள். தோட்டக்காரர் பிள்ளைகள் வந்தார்கள். வாயைக் காட்டினால்தான் கூழ். சொத்தை கண்டவர்களுக்கு நாகம்மாள் ஒரு அகப்பை கூடுதலாக ஊற்றினாள். அதைப் பார்த்துச் சொத்தை இல்லாதவர்களும் வலிக்கிறது என்றார்கள். எல்லாரையும் வியாழக்கிழமைக்கு வரச் சொன்னாள். பெஞ்சும் போதாது, பாயும் போதாது.

இத்தனை வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு டாக்டரின் கண்ணாடியில் தன் பல்லைத் தானே பார்த்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். வரிசைக்குள் புகுந்து, அத்தை முன்னால் வந்து, வாயை ஆவென்று திறந்து, விரலால் தொட்டே காட்டினாள்.

"அத்த, என்னுதைப் பாரு. வியாயக்கெயம இதத்தான் புடுங்கப் போறாரு. மேல கீது பாரு, மேல!"

நாகம்மாளின் அகப்பை அந்தரத்தில் நின்றது. கூழ் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. தாயம்மா தன் மகனின் கண்ணைப் பார்த்தாள்.

"பொன்னி" என்றாள் நாகம்மாள், மெதுவாக. "மேல் பல்லா?"

பொன்னியம்மா பக்கத்தில் வந்தாள். நாத்தனாரின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா, அண்ணி. மேல் பல்லுதான்" என்றாள், ஊருக்கே கேட்கும்படி. பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அடுத்தது யாரு? வாயத் தொற."